காற்றுக்காட்டி சொல்வது மெய்யா?

“காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்பது நம் முன்னோர் வாக்கு. களத்தில் முறத்தை ஏந்தி நின்ற உழவன், காற்று வீசுகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதையும் பார்த்தே நின்றான். பதர் தன் கண்ணிலும் விழலாகாது, அடுத்தவர் நெற்குவியலிலும் விழலாகாது என்பது அவன் கருத்து. கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் பெயரிட்டு வழங்கியவர்கள் நாம். காற்று போகும் திசையைக் கொண்டு பெயரிடாமல் வரும் திசையைக் கொண்டு பெயரிட்டது கவனிக்கத்தக்கது. இன்று உலகெங்கும் வானிலை ஆய்வாளர் கைக்கொள்ளும் முறையும் இதுவே.

தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் நெசவாளருக்கும், தோட்டத்தில் மருந்து தெளிக்கும் பயிரிடுவோருக்கும் காற்றின் திசை இன்றும் தேவையான செய்தி. ஆகவே, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் வீட்டு வானிலை நிலையத்தை வாங்கி மாடியில் பொருத்தி, அதன் திரையை அலுவலகத்தில் அங்கத்தினர் பார்வைக்கு வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு. இது நல்ல முயற்சியே. மழை அளவையும் வெப்ப அளவையும் குறித்து அங்கத்தினர் குறை கூறுவது அரிது. ஆனால் காற்றின் திசையைக் குறித்தோ, “ஒரு நிமிஷத்தில் நான்கு திசையைக் காட்டுகிறதே, எதை நம்புவது?” என்ற கேள்வி நாம் போகுமிடங்களில் எழுகிறது. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடை கூறுமுன் நமது பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

ஒரு குறிப்பும் அதன் விளைவும்

உடுமலை வட்டாரம் பாலக்காட்டுக் கணவாயின் காற்றுவழியில் அமைந்தது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளி வழியாக, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று கொங்கு நாட்டுக்குள் புகுகிறது. அவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றைச் சென்ற ஆண்டு நாம் பார்வையிட்டோம். கணக்குகளைப் பார்த்து முடித்து, தளவாடப் பொருள்களைச் சரிபார்க்க மாடிக்குச் சென்றபோது, அங்கிருந்த வானிலை நிலையத்தின் காற்றுக்காட்டி ஓயாமல் இப்படியும் அப்படியும் சுழன்றுகொண்டிருந்தது. “காற்றுக்காட்டி நிலையின்றி ஆடுகிறது. சரிசெய்து அறிக்கை அனுப்புக” என்று பார்வைக் குறிப்பில் ஒரு வரி எழுதினோம். இரண்டு வாரத்தில், “குறை நிவர்த்தி செய்யப்பட்டது” என்று பதில் வந்தது. அதைக் கோப்பில் சேர்த்தோம். எவ்வாறு நிவர்த்தியாயிற்று என்று நாம் கேட்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு காலை, அச்சங்கத்து அங்கத்தினர் ஒருவர் தம் தக்காளிப் பயிருக்குப் பூச்சிமருந்து தெளிக்கப் புறப்பட்டார். அவருடைய நிலத்துக்கு வடகிழக்கே, வண்டிப்பாதைக்கு அப்பால், மற்றோர் அங்கத்தினரின் மல்பெரித் தோட்டம் இருக்கிறது. மல்பெரி இலையில் மருந்து படிந்தால் பட்டுப்புழு பிழைக்காது என்பது இருவரும் அறிந்ததே. ஆகையால் தெளிப்பவர் முதலில் சங்கத்துக்குச் சென்று திரையைப் பார்த்தார். வடமேற்கு என்று காட்டியது. சற்றுநேரம் இருந்து மறுபடியும் பார்த்தார். அப்போதும் வடமேற்கே. வடமேற்கிலிருந்து வரும் காற்று மருந்தைத் தென்கிழக்கேயுள்ள தரிசுக்குக் கொண்டுபோகும். மல்பெரிக்குத் தீங்கில்லை என்று எண்ணித் தெளித்துவிட்டார். காலைக் காற்று மெல்லியதாக இருந்தமையால், உடலில் பட்டு உணர்வதும் எளிதாயில்லை. உண்மையில் அப்போது வீசியது தென்மேற்குக் காற்று.

மறுநாள் வெட்டிய இலை, நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தில் இருந்த புழுக்களுக்குப் போயிற்று. கூடு கட்டுமுன் புழு பெருந்தீனி தின்னும் பருவம் அது. தின்ற புழுக்கள் வயிற்றுநீரைக் கக்கின. உடல் சுருங்கி, தலை பருத்துத் தட்டுகளிலேயே மடிந்தன. 200 முட்டைத் தொகுதிகளின் புழு. மூன்று வாரத்துக்கு மேற்பட்ட உழைப்பும், இளம்புழுவுக்கும் கூலிக்கும் செலவிட்ட பணமும் குழிக்குள் போயின. சில நாளில் கூடாகி, பட்டாகித் தறியேற வேண்டியது அது.

நிர்வாகக் குழு கூடியது. நம்மையும் அழைத்தார்கள். “சங்கத்துப் பொட்டியைப் பார்த்துட்டுத்தானுங்க அடிச்சேன். வடமேற்குன்னு நின்னுச்சுங்க, அசையவே இல்லீங்க” என்றார் தெளித்தவர். “அசையாத காத்து எந்த ஊர்லீங்க இருக்குது?” என்று கேட்டார் புழுவை இழந்தவர்.

அக்கேள்வி நம்மை மாடிக்கு ஏற்றியது. காற்றுக்காட்டியின் தண்டைத் தொட்டோம். விரலெல்லாம் கிரீஸ். அலுவலக ஊழியர் கைகட்டி நின்று, “ஆடுதுன்னு எழுதிட்டுப் போனீங்க. கிரீஸ் வெச்சேனுங்க, நின்னுடுச்சுங்க” என்றார். நமக்கு மறுமொழி கூற நாவெழவில்லை. அவர் செய்தது நாம் எழுதியதைத்தான். ஆட்டத்தை நிறுத்தும்படி எழுதினோமேயன்றி, ஆட்டத்தின் காரணத்தைக் காணும்படி எழுதவில்லை. குழுவினர் முன்னிலையில் இதை ஒப்புக்கொண்டோம். பின்னர் அச்சங்கத்தாரோடு சேர்ந்து, அக்கருவியைச் செம்மை செய்யச் சில வாரங்கள் முயன்றோம். அதில் கற்றவற்றையே கீழே எழுதுகிறோம்.

இருவகை ஆட்டம்

காற்றுக்காட்டியின் ஆட்டம் இருவகைப்படும். ஒன்று காற்றுக்கே உரிய ஆட்டம். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, வெப்பக் காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பப் பக்கத்துக் காற்று வந்து புகுகிறது. ஆகவே நண்பகலில் திசை இருபுறமும் ஊசலாடுவது இயல்பு. மற்றொன்று, கருவி நிற்கும் இடத்தாலும் கருவியின் பழுதாலும் வருவது. முதல் வகையை அளந்து எழுத வேண்டும். இரண்டாம் வகையை நீக்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஆட்டத்தை மட்டும் அடக்கினால், நேர்வது மேலே கண்ட விபத்தே.

நிற்கும் இடம்

காற்றை அளக்கும் கருவி, திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் விதி. அருகிலுள்ள கட்டிடமோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது 10 மடங்கு தூரம் விலகியிருக்க வேண்டும் என்பதும் விதி. 6 மீட்டர் உயரக் கட்டிடத்துக்கு 60 மீட்டர் தூரம் வேண்டும். நாம் பார்த்த மாடியில் காற்றுக்காட்டி கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒன்றரை முழ உயரத்தில் இருந்தது. அதற்குத் தென்மேற்கே நான்கு எட்டில் தண்ணீர்த் தொட்டி. ஆற்று நடுவே பாறை இருந்தால் அதன் பின்புறம் நீர் சுழிப்பதுபோல, தொட்டியின் பின்புறம் காற்று சுழித்துக்கொண்டிருந்தது. மாடி விளிம்பில் மோதி மேலெழும் காற்றும் அவ்வாறே சுழிக்கும். கருவி காட்டியது ஊர்க்காற்றையன்று, தொட்டியின் சுழியை.

நல்ல இடத்தைக் காண நெசவாளர் வீட்டுக் கழிவு நூலே போதும். நீண்ட மூங்கில் ஒன்றில் அடிக்கொரு நூல் இழையாக நுனிவரை கட்டி, காற்றுள்ள வேளையில் இடத்துக்கு இடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சுழலுள்ள உயரத்தில் இழைகள் முன்னும் பின்னும் துடிக்கும். சுழலைத் தாண்டிய உயரத்தில் எல்லா இழையும் ஒரே பக்கம் நீண்டு நிற்கும். கருவிக்கு ஏற்ற உயரம் அதற்கு மேலேயே. பருவத்துக்குப் பருவம் காற்று மாறுவதால், தென்மேற்குக் காற்றுக்கு ஒரு முறையும் வடகிழக்குக் காற்றுக்கு ஒரு முறையும் இச்சோதனையைச் செய்தல் நலம்.

அச்சங்கத்தார் இவ்வாறு சோதித்து, மாடியை விட்டு, கிடங்குக்கு அப்பாலுள்ள உலர்களத்தின் ஓரத்தில் 10 மீட்டர் இரும்புக் குழாயை நட்டு, நான்கு புறமும் இழுகம்பி கட்டினர். மின்கம்பிக்கு அருகே கம்பம் நடலாகாது. இடிக்குப் பாதுகாப்பாகத் தரையிணைப்பும் வேண்டும். மற்றொன்றும் நினைவில் கொள்ளுக. வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருப்பதே முறை. எல்லாக் கருவியும் ஒன்றாகப் பிணைந்த நிலையத்தை 10 மீட்டருக்கு ஏற்றினால், திசை சரியாகும். வெப்ப அளவு வேறாகும். ஆகவே புதிதாக வாங்கும் சங்கங்கள், காற்றுக் கருவி தனியே பிரியும் வகையைத் தேர்ந்துகொள்ளலாம்.

கம்பமும் வடக்கும்

கம்பம் சாய்ந்திருந்தால், மெல்லிய காற்றில் காற்றுக்காட்டி தன் கனமான பக்கம் தாழ்ந்து அங்கேயே நின்றுவிடும். கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கொண்டு இரண்டு பக்கமும் பார்த்துக் கம்பத்தை நிமிர்த்த வேண்டும். பின் காற்றில்லாத வேளையில் காற்றுக்காட்டியைக் கையால் பலமுறை சுழற்றி விடுக. ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில் நின்றால் நன்று. ஒரே இடத்தில் வந்து நின்றால், கம்பம் சாய்வு அல்லது காற்றுக்காட்டி சமனில்லை என்று கொள்க.

கருவியின் வடக்கு, மெய்யான வடக்கை நோக்க வேண்டும். மாடியிலிருந்த கருவியைக் கைப்பேசியின் காந்த ஊசியைப் பார்த்துப் பொருத்தியிருந்தார்கள். கட்டிடத்தின் இரும்புக் கம்பிகள் அதைத் திருப்பிவிட்டன. வடக்கு ஏறக்குறைய 20 பாகை தவறியிருந்தது. காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் நம் நாட்டில் உள்ள வேற்றுமை ஓரிரு பாகையே. பக்கத்திலுள்ள இரும்பினால் வரும் பிழை அதைவிடப் பெரிது.

இதற்கு நம் நாட்டுச் சிற்பிகள் கைக்கொண்ட சங்கு முறை போதுமானது. தரையைச் சமன் செய்து, ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, கோலின் உயரமே அரைவிட்டமாக அதைச் சுற்றி வட்டம் வரைக. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் கயிற்றால் இணைக்க. அது கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாக இழுப்பது வடக்கு தெற்குக் கோடு. செலவில்லாத இம்முறையைச் சங்கத்துப் பிள்ளைகளைக் கொண்டு செய்வித்தால், அவர்களுக்கும் ஒரு பாடமாகும்.

கருவியின் உட்புறம்

மலிவான காற்றுக்காட்டிகளில் பல, உள்ளே ஒரு காந்தத்தையும் சுற்றிலும் எட்டுச் சிறு விசைகளையும் கொண்டவை. காந்தம் ஒரு விசைக்கு நேரே வந்தால் ஒரு திசை. இரண்டுக்கு இடையே வந்தால் இரண்டும் சேர்ந்து மற்றொரு திசை. இவ்வாறு 16 திசைகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் 22.5 பாகை அகலம். ஆகவே மேற்கு, மேற்குத் தென்மேற்கு என்று அடுத்தடுத்த இரண்டு திசைகளுக்கிடையே திரை மாறிக்கொண்டிருந்தால் அதைக் குறையென எண்ண வேண்டா. காற்று இரண்டின் எல்லையில் வீசுகிறது என்பதே பொருள்.

ஆண்டுக்கிரு முறை காற்றுக்காட்டியைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, 16 திசையும் வரிசையாகத் திரையில் வருகின்றனவா என்று பார்க்க. ஒன்று விடுபட்டால் ஒரு விசை பழுது, அல்லது கம்பியில் துரு. சிலந்தி வலையும் குளவிக் கூடும் தண்டைத் தடுப்பதுண்டு. தாங்கியில் தூசி இருந்தால் துடைக்கலாம், கிரீஸ் தடவலாகாது. வால் தகட்டைப் பெரிதாக்க விரும்புவோர் கனமில்லாத தகட்டையே கொள்க. கனமான வால் தன் வேகத்தில் திசையைக் கடந்து போய்த் திரும்பி, ஆட்டத்தைக் கூட்டிவிடும்.

சராசரி எடுக்கும் முறை

இவை யாவும் செய்தபின் எஞ்சுவது காற்றின் சொந்த ஆட்டம். அதற்கு மருந்து, ஒரு கணத்து அளவை நம்பாமல் பல அளவுகளின் சராசரியைக் கொள்வது. வானிலை நிலையங்கள் அறிவிக்கும் காற்று பொதுவாக 10 நிமிஷச் சராசரியே. ஆனால் திசையைச் சராசரி எடுப்பதில் ஒரு பொறி உண்டு. வடக்கை 0 எனக் கொண்டு வலமாக எண்ணினால், வடக்குக்குச் சற்று மேற்கே 350 பாகை. சற்றுக் கிழக்கே 10 பாகை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180, அதாவது தெற்கு! வாடை வீசும்போது தென்றல் என்று கணக்குச் சொல்லும். கணினியில் அளவுகளைச் சேர்த்து, சாதாரணச் சராசரி போடும் இளைஞர்கள் இதில் ஏமாறுகிறார்கள்.

சரியான முறையை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். 6 விநாடிக்கு ஓர் அளவு எடுத்தால் 10 நிமிஷத்தில் 100 அளவுகள். உலர்களத்தின் நடுவே ஒருவர் நின்று, ஒவ்வோர் அளவுக்கும் அந்தத் திசையில் ஓரடி எடுத்து வைப்பதாகக் கொள்க. 100 அடி நடந்தபின், புறப்பட்ட இடத்திலிருந்து எத்திசையில் நிற்கிறாரோ அதுவே சராசரித் திசை. கணினிக்கு இதைச் சொல்வதாயின், ஒவ்வோர் அளவையும் கிழக்கு மேற்குப் பங்கு, வடக்கு தெற்குப் பங்கு எனப் பிரித்துத் தனித்தனியே கூட்டி, ஈற்றில் இரண்டையும் இணைத்துத் திசை காணச் செய்ய வேண்டும். அச்சங்கத்து உறுப்பினர் ஒருவருடைய மகன் இதை ஒரு மாலையில் செய்து முடித்தார்.

இம்முறையில் மற்றொரு பயனும் உண்டு. 100 அடி நடந்தவர் புறப்பட்ட இடத்திலிருந்து 95 அடி தள்ளி நின்றால் காற்று ஒரே முகமாக வீசியது என்று பொருள். 40 அடி மட்டுமே தள்ளி நின்றால், சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். அவ்வேளை காற்றுக்கு உறுதியான திசையே இல்லை. ஆகவே அத்திரையில் இப்போது திசையோடு இந்த எண்ணும் தெரிகிறது. 90-க்கு மேலிருந்தால் திசையை நம்பலாம். 60-க்கும் 90-க்கும் இடையே இருந்தால் இருபுறத்து அயலாரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 60-க்குக் கீழாயின், “திசை மாறுகிறது, தெளிக்க வேண்டா” என்று நாமும் சங்கத்தாரும் கூடி ஒரு விதி வகுத்தோம். விமான நிலைய அறிக்கைகளிலும், மெல்லிய காற்று திசைமாறி வீசும்போது திசையை எழுதாமல், மாறுகிறது என்பதற்கு ஒரு தனிக் குறி இடுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் நல்ல அளவையே.

காற்றில்லாத வேளை

காற்று மிக மெலிந்தால் காற்றுக்காட்டி திரும்பாது. கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். மலிவான கருவிகள் சில, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் வரும்வரை அசைவதில்லை. அப்போது திரை காட்டுவது நேற்றைய மாலைக் காற்றாகவும் இருக்கலாம். ஆதலின், அவ்வளவுக்குக் குறைந்த வேகத்தில் வரும் திசைகளைச் சராசரியில் சேர்க்காமல், “அமைதி” என்று மட்டும் காட்டச் செய்க.

அமைதி என்றவுடன் மருந்து தெளிக்க நல்ல வேளை என்று எண்ணிவிடலாகாது. விடியலில் நிலத்தருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பக் காற்றும் தங்கியிருக்கும்போது, நுண்துளிகள் கீழே விழாமலும் மேலே கலையாமலும் மிதந்து, எதிர்பாராத திசையில் மெல்ல நகரும். மணிக்கு 3 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே முகமாக வீசும் காற்றே தெளிப்புக்கு ஏற்றது என்பது பொதுவான அறிவுரை.

முடிவாக

அந்த வழக்கு எவ்வாறு முடிந்தது என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். நட்டத்தில் ஒரு பகுதியைத் தெளித்தவர் தம் தக்காளி விற்ற பணத்திலிருந்து கொடுத்தார். அடுத்த வளர்ப்புக்கு மற்ற மல்பெரித் தோட்டத்தார் ஆளுக்குச் சில சுமை இலை தந்தனர். புதுக் கம்பத்தின் செலவைச் சங்கம் ஏற்றது. ஊழியர்மீது நடவடிக்கை வேண்டும் என்று ஒருவர் சொன்னபோது, அப்படியாயின் முதலில் ஆய்வாளர் மீது எடுக்க வேண்டும் என்று நாமே கூறினோம். பேச்சு அத்துடன் நின்றது. இரு அங்கத்தினரும் முன்போல் கூடிப் பேசுவதில்லை. எனினும், மருந்து தெளிப்பதற்கு முன்னாள் மாலை ஒருவர் மற்றவருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிடுகிறார். மற்றவர் அன்றிரவே இரண்டு நாளுக்கான இலையை வெட்டி ஈரச் சாக்கில் மூடி வைத்துக்கொள்கிறார்.

பொதுக்குழுவில் ஒருவர் உரக்கச் சொன்னது தீர்மானமாகிவிடாது. எல்லோர் வாயையும் அடைத்துவிட்டு, ஏகமனதாக நிறைவேறிற்று என்று எழுதுவதும் தீர்மானமாகாது. நூறு பேர் சொல்வதையும் கேட்டு, மாறுபாட்டையும் குறிப்பேட்டில் எழுதுகிற சங்கமே நிலைத்து நிற்கிறது. காற்றுக்காட்டியிடமும் நாம் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும். நமது பார்வைக் குறிப்பிலும், “சரிசெய்க” என்பதோடு, “காரணம் கண்டு எழுதுக” என்ற சொற்களை இப்போது சேர்த்து எழுதி வருகிறோம்.

அங்கத்தினர்களே, மருந்து தெளிக்குமுன் சங்கத்துத் திரையைப் பாருங்கள். பார்த்தபின் தோட்டத்து மேட்டில் நின்று, ஒரு பிடி மண்ணை உதிர்த்தும் பாருங்கள். இரண்டும் ஒத்து வந்தாலும், அயலாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.